பொது இடத்து வாசனையும் சட்டத்தின் காப்பும்



தாதரிலோ ஹௌராவிலோ ரயிலை விட்டிறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் ஒரு டாக்சியில் ஏறி அமர்கிறோம். கண்ணாடிகள் மூடியிருக்கின்றன, குளிர்சாதனம் ஓடுகிறது. வண்டியின் முன்பலகைமீது ஒரு சிறு குப்பி ஒட்டப்பட்டிருக்கிறது. மல்லிகை என்று பெயர் சொல்லிக்கொண்டு அதிலிருந்து ஒரு மணம் இடைவிடாது வந்துகொண்டிருக்கிறது. நம்மில் பலருக்கு அது ஒரு பொருட்டன்று. சிலருக்கு இனிமையாகவும் இருக்கும். ஆனால் உடன் வரும் தாயாருக்கோ தங்கைக்கோ ஐந்து நிமிடத்திற்குள் தொண்டை கமறுகிறது, மார்பு இறுகுகிறது, கைப்பையில் இன்ஹேலரைத் தேடும் நிலை வந்துவிடுகிறது. வண்டியோட்டியிடம் அவருடைய மொழியில் இதை விளக்குவதற்குள் பாதி வழி போய்விடுகிறது.

டாக்சியிலாவது கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். நாள்தோறும் எட்டு மணி நேரம் இருக்கவேண்டிய அலுவலகத்தில் என்ன செய்வது? ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்திலும், மெட்ரோ ரயிலிலும், வங்கியிலும், சினிமாக் கொட்டகையிலும், அடுக்குமாடிக் கட்டடத்தின் லிப்டிலும் நாம் சுவாசிக்கும் காற்றை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தக் காற்றில் மற்றொருவர் வாசனையைக் கலந்து, அதனால் ஒருவருக்கு நோய் மூளுமாயின், அவருக்குச் சட்டத்தின் துணை உண்டா? உண்டென்றால் எந்தச் சட்டம்? இக்கேள்வியையே இன்று எடுத்துக்கொண்டேன்.

நறுமணத்தின்மீது வழக்குத் தொடுக்க நான் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவும் சந்தனமும் இல்லாமல் நம் வீடுகளில் ஒரு சுபகாரியம் நடப்பதில்லை. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் வாழும் நம்மவர்கள் ஒரு முழம் மல்லிகைக்காகக் காலையில் கடைத்தெருவுக்கு நடப்பதை நான் கண்டிருக்கிறேன். நாம் பேசப்போவது வேறு. விருப்பமில்லாதவரும், விலகிப்போக இயலாதவரும் இருக்கும் மூடிய இடத்தில், இயந்திரத்தின் மூலம் விடாது பரப்பப்படும் செயற்கை வாசனையைப் பற்றியது இப்பேச்சு.

இந்தச் செயற்கை வாசனைக்கு வயது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள். 1856-இல் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த வில்லியம் பெர்க்கின் என்ற ஆங்கில இரசாயன அறிஞர், 1868-இல் உலர்ந்த புல்லின் மணமுடைய கூமரின் என்னும் பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார். 1874-இல் ஜெர்மானிய அறிஞர்கள் வனிலா மணத்தைத் தரும் வனிலினைச் செய்து காட்டினர். அதுவரை வாசனை என்பது செல்வர்களின் பொருள். கன்னோஜ் நகரத்து அத்தர் வடிப்பவர்கள் கூடை கூடையாக மலரைக் கொட்டிச் சிறிதளவே அத்தர் எடுப்பார்கள். தார் எண்ணெயிலிருந்தும், டர்ப்பன்டைனிலிருந்தும், பின்னர் பெட்ரோலியத்திலிருந்தும் மணப்பொருள்களை ஆக்கக் கற்ற பிறகு, வாசனை மலிந்தது. மலிந்தபடியால் மனிதருடைய ஆடையை விட்டுச் சுவருக்கும், தரைக்கும், கழிப்பறைக்கும், காருக்கும் வந்து சேர்ந்தது. இன்று பல கட்டடங்களில் சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டி, யார் இருக்கிறார் யார் இல்லை என்று பாராமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே வாசனையைத் தூவுகிறது.

செயற்கையானது எல்லாம் தீது, இயற்கையானது எல்லாம் நன்று என்று எண்ணுவது பிழை. ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீனும், பல மலர்களில் உள்ள லினலூலும் இயற்கைப் பொருள்களே. தொழிற்சாலைகளிலும் இவை செய்யப்படுகின்றன. எங்கிருந்து வந்தாலும், காற்றுப்பட்டு நாளடைவில் ஆக்சிஜனோடு கலக்கும்போது, இவை தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாக மாறுகின்றன. காற்றில் ஓசோன் இருந்தால், லிமோனீன் அதனோடு சேர்ந்து பார்மால்டிஹைடையும் நுண்துகள்களையும் பிறப்பிக்கிறது. ஊதுவத்தியின் புகையிலும் நுண்துகள் உண்டு; அது பக்தியோடு ஏற்றப்பட்டது என்பதால் நுரையீரல் அதற்கு விலக்கு அளிப்பதில்லை. ஆகவே பார்க்கவேண்டியவை அளவும், இடமும், காற்றோட்டமும்.

யாருக்கு என்ன தீங்கு நேர்கிறது என்பதைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் நிற்கப்போகிறவருக்கு இந்தப் பாகுபாடு மிக முக்கியம். முதலாவது, தோல் ஒவ்வாமை. இது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. தோல் வைத்தியர் முதுகில் சிறு பட்டைகளை ஒட்டிச் சோதித்து, இன்ன பொருளால் வந்தது என்று எழுதிக் கொடுக்க முடியும். ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியற்குழு 2012-இல் அளித்த கருத்தின்படி, ஐரோப்பியப் பொதுமக்களில் நூற்றுக்கு 1 முதல் 3 பேர் வரை மணப்பொருள்களால் இவ்வொவ்வாமைக்கு ஆளானவர்கள். இரண்டாவது, ஏற்கெனவே ஆஸ்துமாவோ, மூக்கழற்சியோ, ஒற்றைத் தலைவலியோ உடையவர்களுக்குக் கடும் வாசனை நோயைத் தூண்டிவிடுவது. இதையும் வைத்தியர்கள் நன்கறிவார்கள். மூன்றாவது, எந்த இரசாயனத்தின் சிறு அளவும் உடல் முழுவதையும் வாட்டுகிறது என்று சிலர் சொல்லும் நிலை; பல்பொருள் இரசாயன நுண்ணுணர்வு என்று இதைக் கூறுவர். அவர்கள் படும் துன்பம் மெய்யே. ஆனால் அதன் காரணத்தைப் பற்றி வைத்திய உலகம் இன்னும் ஒருமனப்படவில்லை. என் அபிப்பிராயம் இது: நம் நாட்டில் சட்டத்தின் காப்பைக் கேட்பவர்கள் முதல் இரண்டையும் அடிப்படையாகக் கொண்டு கேட்பதே விவேகம். மூன்றாவதை முன்னிறுத்தினால், வழக்கு மூச்சை விட்டுவிட்டு வைத்திய சாஸ்திர விவாதமாகிவிடும்.

இடையே அந்துருண்டையைப் பற்றியும் ஒரு சொல். சாப்பாட்டு விடுதிகளின் கைகழுவும் தொட்டியிலும் பொதுக் கழிப்பறைகளிலும் நாற்றத்தை மறைக்க இதைப் போடுகிறார்கள். இதிலுள்ள நாப்தலீன், ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லது. குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி. நறுமணம் என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் சுத்தம் செய்வதற்குப் பதிலாக வாசனையைப் போடும் அதே வழக்கம்தான் இங்கும் நடக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம்.

பொதுத் தொல்லை என்பது பழைய குற்றம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 268-ஆம் பிரிவு அதை விளக்கியது. காற்றை உடல்நலத்துக்குக் கேடாக்குவதை 278-ஆம் பிரிவு தண்டித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதீய நியாய சங்கிதை நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் இவை முறையே 270-ஆம், 280-ஆம் பிரிவுகளாக நிற்கின்றன. 280-ஆம் பிரிவின்படி அபராதம் ஆயிரம் ரூபாய் வரை செல்லலாம். ஆனால் அப்பிரிவு கேட்பது என்ன? அண்டையில் குடியிருப்போர், தொழில் செய்வோர், அவ்வழியே செல்வோர் ஆகிய பொதுவான மக்களின் உடல்நலத்துக்குக் கேடாக வேண்டும் என்று கேட்கிறது. நூறு பேர் இருக்கும் கூடத்தில் தொண்ணூற்றெட்டுப் பேர் சும்மா இருக்க, இருவர் மட்டும் மூச்சுத் திணறினால், அது பொதுவான மக்களுக்குக் கேடு ஆகுமா? ஆகாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எளிதில் வாதிடுவார்.

உரிமையியல் சட்டத்திலும் இதே முட்டுக்கட்டைதான். நம் நீதிமன்றங்கள் தொல்லை வழக்குகளில் ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பெரிதும் தழுவிச் செல்கின்றன. அங்கே 1889-இல் தீர்ந்த ஒரு வழக்கு உண்டு. கீழ்த்தளத்தில் ஒருவர் பெட்டிகள் செய்யும் தொழிலுக்காக வெப்பமூட்டினார். மேல்தளத்தில் குடியிருந்தவர் ஒருவகைப் பழுப்புக் காகிதத்தை அடுக்கி வைத்திருந்தார். வெப்பத்தால் அக்காகிதம் உலர்ந்து கெட்டது. சாதாரணக் காகிதமாயிருந்தால் கெட்டிராது, நுட்பமான சரக்கை வைத்திருந்தவர் நஷ்டத்தைத் தாமே ஏற்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. காகிதத்துக்கு அது பொருந்தலாம். காகிதத்தை வேறிடத்தில் வைக்கலாம். நுரையீரலை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆயினும் தொல்லைச் சட்டம் சராசரி மனிதனைக் கொண்டே அளக்கிறது என்பதை நாம் மறைக்கலாகாது.

புகைபிடித்தலைத் தடுத்தது போல இதையும் தடுக்கலாமே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அந்த வரலாறு ஊக்கம் தருவதே. 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது மேற்சொன்ன 268, 278 பிரிவுகளின்கீழ் வரும் தொல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஏ. ஆர். லட்சுமணன். 2001 நவம்பர் 2-இல் உச்சநீதிமன்றம் ஆஸ்பத்திரி, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில் முதலிய இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. 2003-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை விரிந்த அளவில் அமலாயிற்று. ஒரு வழக்கில் தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் நாட்டின் வழக்கமே மாறியது. ஆனால் புகையிலைப் புகை எல்லோரையும் கெடுப்பது; வாசனை சிலரைத்தான் கெடுக்கிறது. இந்த வேற்றுமையைத் தாண்டாமல், புகையின் பாதையில் வாசனை வழக்கை நடத்திச் செல்ல முடியாது.

இதைத் தாண்ட உதவும் ஒரு சிறு பிரிவு நம் ரயில்வேச் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிறது; அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1989-ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம், 167-ஆம் பிரிவு. ஒரு பெட்டியில் உள்ள மற்றொரு பிரயாணி ஆட்சேபித்தால், அங்கே யாரும் புகைக்கக்கூடாது என்கிறது அது. எத்தனை பேர் ஆட்சேபிக்க வேண்டும்? ஒருவர் போதும். அவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சட்டம் கேட்கவில்லை, சான்றிதழும் கேட்கவில்லை. மூடிய பெட்டியில், விலகிச்செல்ல வழியில்லாத இடத்தில், ஒரே ஒருவரின் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்ற கொள்கை நம் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. வாசனை பற்றி எதிர்காலத்தில் யாரேனும் விதி எழுதப் புகுந்தால், இந்தப் பிரிவையே முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஒலி பற்றிய தீர்ப்பும் துணைக்கு வரும். 2005-இல் உச்சநீதிமன்றம், பேச்சுரிமை என்பது விரும்பாதவர்களை வற்புறுத்திக் கேட்கச் செய்யும் உரிமை அன்று என்று கூறி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கித் தடையை உறுதி செய்தது. காதை மூட இமை இல்லை, மூக்குக்கும் இல்லை. அதற்கு முன்பே, 1991-இல், மாசற்ற நீரும் காற்றும் அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனினும் 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் கண் பெரும்பாலும் ஆலையின் புகைபோக்கியையும் வாகனத்தையுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அலுவலக அறைக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது நான் முக்கியமாகக் கருதும் சட்டத்துக்கு வருகிறேன். அது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தொல்லைச் சட்டம் சராசரி மனிதனிடத்தில் தொடங்குகிறது என்றேன். இச்சட்டமோ சராசரியிலிருந்து வேறுபட்ட அந்த ஒருவரிடத்தில் தொடங்குகிறது. நெடுங்காலம் நீடிக்கும் உடற்குறைபாடு ஒன்று, சூழ்நிலையில் உள்ள தடைகளோடு மோதும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்குபெற முடியாமல் ஒருவரைத் தடுக்குமானால், அவர் மாற்றுத்திறனாளி என்று இது விளக்கம் தருகிறது. தடை என்பது படிக்கட்டாக இருக்கலாம். காற்றாக இருக்கக்கூடாது என்று எங்கும் எழுதப்படவில்லை. அப்படிப்பட்டவருக்கு நியாயமான வசதி ஏற்பாடு செய்து தருவது கடமை. மறுத்தால் அதுவே பாரபட்சம் என்றும் சட்டம் சொல்கிறது. நியாயமான என்ற சொல்லுக்கும் பொருள் கூறப்பட்டிருக்கிறது: எதிர்த்தரப்பின்மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாததாக இருக்க வேண்டும். சுவரிலுள்ள வாசனைப் பெட்டியை அணைப்பதில் என்ன சுமை இருக்கிறது? செலவு குறையுமே தவிர மிகாது.

ஆனால் ஒரு சிக்கல். இச்சட்டத்தின் அட்டவணை 21 வகைக் குறைபாடுகளை வரிசைப்படுத்துகிறது. ஆஸ்துமா அதில் இல்லை, தோல் ஒவ்வாமையும் இல்லை. ஆகவே இவற்றுக்குச் சான்றிதழோ அடையாள அட்டையோ கிடைப்பதில்லை. அட்டை இல்லை, எனவே உரிமையும் இல்லை என்று அலுவலகங்கள் கைவிரிப்பது வழக்கம். இங்கேதான் 2021 பிப்ரவரியில் வந்த ஓர் உச்சநீதிமன்றத் தீர்ப்பு கைகொடுக்கிறது. எழுதும்போது கைத்தசை இறுகிப்போகும் ஒரு தேர்வாளர், தமக்குப் பதிலாக எழுத ஒருவரை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். நூற்றுக்கு நாற்பது என்னும் அளவுகோலை அடைந்தவர்களுக்கே அச்சலுகை என்று மத்தியப் பணியாளர் தேர்வாணையம் மறுத்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தலாம். வசதி ஏற்பாடு கேட்பதற்கு அது நிபந்தனை ஆகாது. சட்டத்தின் பொது விளக்கத்துக்குள் வந்தாலே போதும் என்று தீர்த்தது. வாசனையைப் பற்றிய வழக்கு அன்று அது. ஆயினும் வாசனையால் வாடுபவர் தட்டவேண்டிய கதவு அதுவே என்று நினைக்கிறேன்.

பிற நாடுகளில் இக்கதவு ஓரளவு திறந்திருக்கிறது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகராட்சியின் திட்டப் பிரிவில் வேலை செய்த ஓர் அம்மையார், சக ஊழியரின் வாசனைத் திரவியத்தாலும் அறையில் வைத்த மணப்பொருளாலும் மூச்சுவிட முடியாமல் அவதியுற்றார். கேட்டும் பயனில்லாமல், 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ் வழக்கிட்டார். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடுமாறு நகராட்சி கேட்டது; 2008-இல் நீதிமன்றம் மறுத்தது. 2010-இல் சமரசமாயிற்று. நகராட்சி ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. அதைக் காட்டிலும் பெரிது வேறொன்று: தன் கட்டடங்கள் மூன்றில் அறிவிப்பு வைத்து, வாசனைத் திரவியம், மணமுள்ள பூச்சு, மணமெழுகுவத்தி முதலியவற்றைத் தவிர்க்குமாறு ஊழியர்களைக் கேட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டது. கனடாவில் ஹாலிபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிகளும் பல்கலைக்கழகமும் 1990-களிலிருந்தே மணமில்லா வழக்கத்தைப் பின்பற்றி வருகின்றன. ஜப்பானில் வாசனையால் வரும் கேட்டுக்குக் கோகாய் என்று ஒரு சொல்லே உருவாகிவிட்டது. 2021-இல் நுகர்வோர் துறை, கல்வி, சுகாதாரம், தொழில், சுற்றுச்சூழல் ஆகிய ஐந்து துறைகள் சேர்ந்து சுவரொட்டி வெளியிட்டன. தண்டனை இல்லாத வெறும் வேண்டுகோள்தான் அது. ஆனாலும் தன் சட்டையின் மணம் பக்கத்திலிருப்பவரை வருத்தக்கூடும் என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது சிறிய காரியமன்று.

பொருளின் மேல்சீட்டைப் பற்றியும் கேட்டாக வேண்டும். எத்தனை பொருள்களைச் சேர்த்துச் செய்த கூட்டானாலும், பெரும்பாலும் வாசனை என்ற ஒற்றைச் சொல்லாகவே நம் கடைப்பொருள்களின் மேல் அச்சாகிறது. எதனால் தீங்கு வந்தது என்று தெரியாமல் எதைத் தவிர்ப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் ஒவ்வாமை தரும் 26 மணப்பொருள்களை, குறிப்பிட்ட அளவுக்கு மேலிருந்தால், அழகுப் பொருள்களின் மேல் பெயர் சொல்லி அச்சிட வேண்டும். 2023-இல் அப்பட்டியலை 80-க்கு மேலாக விரித்தார்கள். லைரால் என்னும் ஒரு மணப்பொருள் ஒவ்வாமையை மிகுதியாக உண்டாக்கியதால் 2021 ஆகஸ்டுக்குப் பின் அதை அழகுப் பொருள்களில் விற்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அமெரிக்கச் சட்டசபையும் 2022-இல் இத்தகைய பட்டியலுக்கு வழிசெய்து சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய எச்சரிக்கை இல்லாமல் பொருளை விற்றுத் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. இதைக் கொண்டு வாசனைப் பொருள்களின் மேல்சீட்டைச் சீர்செய்யுமாறு கேட்பது, பொது இடத் தடையைக் கேட்பதைவிட விரைவில் பலிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. ஊரில் என்றால், தெரிந்தவர் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லியே காரியத்தை முடித்துவிடுவோம். இங்கே, மொழி தெரியாத இடத்தில், புதிதாக வந்தவர் வாசனையைக் குறை சொன்னால் அது உள்ளூர் வழக்கத்தைப் பழிப்பதாகப் பொருள்படக்கூடும். அடுக்குமாடிக் கட்டடத்தில் மாலைதோறும் சாம்பிராணி போடும் அண்டை வீட்டாரிடம் இதைச் சொல்வது எவ்வளவு தர்மசங்கடம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவருடைய வழிபாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், நம் குழந்தையின் மூச்சைப் பற்றி மட்டும் சொன்னால், பெரும்பாலும் நல்ல பதிலே வரும்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார், காரைக்குடிப் பக்கத்தவர், மும்பையில் ஓர் அரசு சார்ந்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். சிறு வயது முதல் ஆஸ்துமா. அவருடைய மேஜைக்கு நேர் மேலே வாசனைப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். மேலதிகாரியிடம் இரண்டு முறை வாயால் சொன்னார். சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் பிடித்திருக்கிறதே அம்மா என்றாராம். மூன்று மாதம் அவர் படிக்கட்டில் நின்று மூச்சுவாங்கிவிட்டு உள்ளே வருவதும், விடுப்பு எடுப்பதுமாகக் கழித்தார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. பிறகு யாரோ சொல்ல, எழுத்தில் கொடுத்தார்.

அந்த விண்ணப்பம் எப்படி இருந்தது என்பதை நான் பார்த்தேன்; அது ஒன்றரைப் பக்கம். நோய் இன்னது என்பதற்கு மார்பு நோய் வைத்தியரின் கடிதம் இணைத்திருந்தார். அதில் கடும் வாசனை நோயைத் தூண்டுகிறது என்று வெளிப்படையாக எழுதியிருந்தது. எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு மூச்சிறைப்பு வந்தது, எத்தனை நாள் விடுப்பு எடுத்தார் என்று ஒரு சிறு குறிப்பு. வேண்டுவது இரண்டே: தம் தளத்திலுள்ள பெட்டியை அகற்றவேண்டும், தரை துடைக்க மணமில்லாத திரவத்தை உபயோகிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் இரண்டு வரியில் குறிப்பிட்டிருந்தார். யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. சக ஊழியர் எவருடைய செண்ட்டைப் பற்றியும் பேசவில்லை. அதைத் தம் பிரிவில் உள்ளவர்களிடம் தாமே கேட்டுக்கொள்வதாக இருந்தார். இது சரியான முறை என்றே நினைக்கிறேன். நிறுவனம் மாட்டிய பெட்டியை அகற்றக் கேட்பது எளிது. மனிதர் பூசிக்கொண்டதைக் கேட்பது நட்பின் வேலை.

அரசு அலுவலகங்களில் இத்தகைய மனுக்களைப் பெற ஒரு குறைதீர் அதிகாரி இருக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூறுகிறது. அவரிடம் பயனில்லையாயின், மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். மத்திய அரசு அலுவலகமானால் டில்லியில் தலைமை ஆணையர். சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினர், தொழிலாளர் முதலியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வக்கீல் உதவி இலவசம். எந்த மாநிலத்திலிருந்தும் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பொருளின் மேல்சீட்டைப் பற்றிய முறையீட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலும் பேச இயலும். ரயில் பெட்டியில் கடும் வாசனை தூவினால் 139-க்குச் சொல்லலாம்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். அரசியலமைப்பின் 350-ஆம் உறுப்பு, குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் உரிய அதிகாரியிடம் அளிக்கலாம் என்கிறது. ஆயினும் நடைமுறையில், அந்த மாநில மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒரு படி சேர்த்துக் கொடுத்தால் தாமதம் குறையும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் கேட்டு வாங்குவதை மறக்கலாகாது. அது இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

காரைக்குடி அம்மையாருக்கு ஏழாவது வாரம் பதில் வந்தது. அவர் தளத்திலிருந்த பெட்டியைக் கழற்றிக் கீழே வாயிற்கூடத்தில் மாட்டிவிட்டார்கள். தரை துடைக்கும் திரவம் மட்டும் மாறவில்லை. ஒப்பந்தம் முடியும்போது பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. அதற்கான இரண்டாவது மனுவை இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறார்.